தனித்து நிற்கும் துணையலகு: புரோட்டான் பம்பின் ஓர் உறுப்பு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ஆய்வகப் பொருட்கள் விற்கும் நிறுவனங்களின் பட்டியலைப் புரட்டினால், மனித உடலின் ஒரு புரோட்டான் பம்ப் அங்கே துண்டு துண்டாக விற்பனைக்கு இருப்பதைக் காணலாம். ஏ, பி1, பி2, சி1, டி, ஈ1, எஃப், ஜி1, எச் என்று ஒவ்வொரு துணையலகும் தனித்தனிக் குப்பியில், மைக்ரோகிராம் கணக்கில் கிடைக்கிறது. எந்த உயிரணுவில் தயாரானது, எந்த முனையில் என்ன வால் ஒட்டியிருக்கிறது, தூய்மை எத்தனை சதவீதம் என்ற விவரங்களோடு, ஆராய்ச்சிக்கு மட்டுமே என்ற எச்சரிக்கையும் குப்பியோடு வரும். முழுப் பம்பில் முப்பதுக்கும் மேற்பட்ட புரதச் சங்கிலிகள் பின்னிக் கிடக்கின்றன. குப்பியில் இருப்பது அவற்றில் ஒன்று. பல வேளைகளில் அந்த ஒன்றின் ஒரு பகுதி.

இந்த ஒற்றை உறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு பம்பைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்? கடந்த நாற்பது ஆண்டு ஆய்வுகளை வரிசையாகப் படித்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் பதில் இது: இந்த உறுப்பு எதைத் தொடுகிறது, எதனோடு ஒட்டுகிறது, எப்படி மடிந்திருக்கிறது என்ற கேள்விகளுக்குக் குப்பி நல்ல பதில் தரும். பம்ப் எப்படி ஓடுகிறது, நோயில் ஏன் நின்றுபோகிறது என்ற கேள்விகளுக்கு அதனால் தனியாகப் பதில் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை மறந்த இடத்தில் ஆராய்ச்சி ஆண்டுக்கணக்கில் வழிமாறியிருக்கிறது.

எந்தப் பம்ப் என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். புரோட்டான் பம்ப் என்றால் நம்மில் பலருக்கு ஒமெப்ரசோலும் பான்டோப்ரசோலும்தான் நினைவுக்கு வரும். அந்த மாத்திரைகள் அடக்குவது இரைப்பைச் சுவரில் இருக்கும் பம்பை. அது புரோட்டானை வெளியே தள்ளிவிட்டுப் பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது. இரண்டே வகைச் சங்கிலிகளால் ஆனது. 1988இல் ஒமெப்ரசோல் சந்தைக்கு வந்ததிலிருந்து உலகெங்கும் அறிமுகமானது. இங்கே பேசப்போவது இன்னொன்றை: வி-ஏடிபியேஸ். ஈஸ்டிலிருந்து மனிதர் வரை, கரு உள்ள எல்லா உயிரணுக்களிலும் இது இருக்கிறது. லைசோசோம், எண்டோசோம், நரம்பு முனையின் சிறு பைகள் ஆகியவற்றின் உட்புறத்தை அமிலமாக்குவது இதுதான். சிறுநீரகத்தின் சில உயிரணுக்களிலும் எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட்களிலும் மேல்சவ்வுக்கே வந்து வெளிப்புறத்தை அமிலமாக்குகிறது.

உயிரணுவுக்குள் அமிலம் நிறைந்த மூலை ஒன்று உண்டு என்பது பழைய செய்தி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெச்னிகோவ், விழுங்கும் உயிரணுக்களுக்குள் போன நீல லிட்மஸ் துகள்கள் சிவப்பாக மாறுவதைக் கவனித்தார். 1955இல் டி டூவ் லைசோசோமுக்குப் பெயர் வைத்தார். அதன் அமிலத்தன்மையை உயிருள்ள அணுவிலேயே அளந்தவர்கள் ஒகுமாவும் பூலும். பிஎச்சுக்கு ஏற்ப ஒளிர்வு மாறும் ஃபுளோரசீனை டெக்ஸ்ட்ரானில் ஒட்டி உயிரணுக்களை விழுங்கவைத்து, 1978இல் அவர்கள் கண்ட அளவு 4.7க்கும் 4.8க்கும் இடைப்பட்டது. வெளியே சைட்டோசாலில் பிஎச் 7.2 அளவில் இருக்கும். அதாவது ஒரு மெல்லிய சவ்வின் இரு பக்கங்களிலும் புரோட்டான் செறிவில் சுமார் 300 மடங்கு வேறுபாடு. இதைத் தக்கவைக்கும் நொதியை ஈஸ்டின் வெற்றிடப்பையில் 1981இல் ககினுமா, ஒசுமி, அன்ராகு மூவரும் விவரித்தனர். அந்த ஒசுமிதான் பின்னாளில் தன்னுண்ணல் ஆராய்ச்சிக்காக 2016இல் நோபல் பரிசு பெற்றவர். 1988இல் பஃபிலோமைசின் என்ற பொருள் இந்தப் பம்பை மிகக் குறைந்த அளவிலேயே நிறுத்துவது கண்டறியப்பட்டது. அன்றிலிருந்து எந்த ஆய்வகமும் "இது வி-ஏடிபியேஸ்தானா" என்று சரிபார்க்கப் பஃபிலோமைசினைத்தான் எடுக்கிறது.

பம்பின் அமைப்பு தெரிந்தால்தான் குப்பியின் எல்லை புரியும். சவ்வுக்கு வெளியே சைட்டோசாலில் நிற்பது வி1 பகுதி. சவ்வுக்குள் புதைந்திருப்பது வி0. வி1இன் தலையில் மூன்று ஏ, மூன்று பி சங்கிலிகள் மாறி மாறி வட்டமாக நிற்கின்றன. இந்த வட்டத்தின் நடுவே டியும் எஃப்பும் சேர்ந்த அச்சு இறங்குகிறது. ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு உடையும்போது அச்சு சுழல்கிறது. அச்சோடு சேர்ந்து சவ்வுக்குள் இருக்கும் வளையமும் சுழல்கிறது. வளையம் பத்துத் துணையலகுகளால் ஆனது. ஒவ்வொன்றிலும் புரோட்டானை ஏந்தும் ஒரு குளுட்டமேட். ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி செலவு, பத்துப் புரோட்டான் வரவு. தலையும் அச்சோடு சேர்ந்து சுற்றிவிடாமல் பிடித்துக்கொள்ள ஈ, ஜி ஜோடிகள் மூன்று தூண்களாக நிற்கின்றன. சியும் எச்சும் அந்தத் தூண்களை வி0வின் ஏ துணையலகோடு கட்டுகின்றன. வி1இலும் ஏ உண்டு, வி0விலும் ஏ உண்டு என்பதால், பின்னதைச் "சவ்வு ஏ" என்று இந்தக் கட்டுரையில் அழைக்கிறேன்.

ஏடிபி பிணையும் இடம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் குப்பி வாங்குபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஏவுக்கும் பிக்கும் இடையிலுள்ள இடுக்கில் இருக்கிறது. ஏ தனியாக அந்த இடுக்கின் ஒரு பக்கச் சுவர். பி தனியாக மறுபக்கச் சுவர். பி1 குப்பியை வாங்கி ஏடிபி உடைக்கிறதா என்று சோதிப்பவர், எதிர்ப் பக்கமே இல்லாத இடுக்கைச் சோதிக்கிறார். ஒருவேளை சிறிது பாஸ்பேட் வெளிவந்தாலும் சந்தேகப்பட வேண்டும். ஈ. கோலை பாக்டீரியாவுக்குச் சொந்தமான ஏடிபியேஸ்கள் ஏராளம். தூய்மை 90 சதவீதம் என்றால் மீதி பத்தில் அவை ஒளிந்திருக்கக்கூடும். பஃபிலோமைசின் போட்டுச் சரிபார்க்கலாமே என்றால் அதுவும் கைகொடுக்காது, ஏனெனில் அது பிணைவது வி0வின் வளையத்தில். வளையம் இல்லாத குப்பியில் அந்த மருந்துக்கு வேலையே இல்லை.

இனி, குப்பி எப்படி உருவாகிறது என்று பார்க்கலாம். மனித மரபணுவின் பிரதியை ஒரு பிளாஸ்மிடில் செருகி, அதன் முனையில் ஆறு ஹிஸ்டிடின் கொண்ட வாலைச் சேர்த்து, ஈ. கோலைக்குள் அனுப்புகிறார்கள். 37 டிகிரியில் வளரும் பாக்டீரியா கலங்கல் ஓரளவு அடர்ந்ததும் வெப்பத்தை 18 டிகிரிக்குக் குறைத்து, உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜி சேர்த்து இரவு முழுதும் குலுக்கியில் விடுவது வழக்கம். குளிரில் உற்பத்தி மெதுவாக நடக்கும். மெதுவாக நடந்தால் புரதம் சரியாக மடிய அவகாசம் கிடைக்கும். காலையில் அணுக்களை உடைத்து, சுழற்றித் தெளிவித்து, நிக்கல் ஏற்றிய பிசின் வழியே ஊற்றினால் ஹிஸ்டிடின் வால் நிக்கலைப் பற்றிக்கொள்ளும், மற்றவை கழுவிப் போகும். பின்பு இமிடசோல் கலந்த பஃபரை ஊற்ற, பிடி விட்டு நம் புரதம் இறங்கிவரும். ஜெல் ஓட்டி நீலச் சாயம் ஏற்றினால், பி1 துணையலகு 56 கிலோடால்டன் அருகே ஒரு கனத்த பட்டையாகத் தெரிய வேண்டும். அந்தப் பட்டைக்குக் கீழே மெல்லிய கோடுகள் பல தெரிந்தால் புரதம் அறுபடத் தொடங்கிவிட்டது என்று பொருள். பட்டை தெளிவாக வந்திருந்தும் புரதம் எல்லாம் வண்டலோடு அடியில் தங்கியிருந்தால், அது மடியாமல் திரண்டுவிட்டது. 8 மோலார் யூரியாவில் கரைத்து மறுபடி மடியவைக்க முயலலாம். ஆனால் சரியாக மடிந்ததா என்பதை ஜெல் சொல்லாது. ஜெல்லில் போடும் எஸ்டிஎஸ் எல்லா மடிப்பையும் பிரித்துவிடுகிறது, நன்றாக மடிந்ததும் மோசமாக மடிந்ததும் அங்கே ஒரே பட்டைதான். விவரத்தாளில் ஜெல் படத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவது ஆபத்து என்று நான் சொல்வது இதனால்தான்.

எல்லாத் துணையலகும் ஒரே மாதிரி ஒத்துழைப்பதில்லை. சியும் எச்சும் தனியாகவே நிலைத்து நிற்கும். ஈயும் ஜியும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்ளும் நீண்ட சுருள்கள். இரண்டையும் ஒரே பாக்டீரியாவில் சேர்த்துத் தயாரித்தால்தான் உருப்படியாக வரும். சவ்வு ஏவும் வளையத் துணையலகுகளும் சவ்வுக்குள் வாழ்பவை, சோப்புப் போன்ற டிட்டர்ஜென்ட் இல்லாமல் அவற்றைத் தண்ணீரில் நிறுத்த முடியாது. எனவே சவ்வு ஏவின் பெயரில் கிடைக்கும் புரதங்கள் பெரும்பாலும் அதன் சைட்டோசால் பக்கத்துப் பாதி மட்டுமே. பம்போடு ஒட்டி நிற்கும் துணைப் புரதங்களான ஏபி1, ஏபி2 இரண்டில் ஏபி1இல் சர்க்கரைக் கிளைகள் உண்டு. அந்தக் கிளைகளை ஈ. கோலை போடுவதில்லை, மனித அணு வளர்ப்பில் தயாரிக்க வேண்டியிருக்கிறது. கோதுமை முளைச் சாற்றில், உயிரணுவே இல்லாமல் தயாரித்து, 26 கிலோடால்டன் எடையுள்ள ஜிஎஸ்டி என்ற இன்னொரு புரதத்தை வாலாக ஒட்டி அனுப்பும் முறையும் உண்டு. ஜி1 துணையலகு 118 அமினோ அமிலங்களே கொண்டது. அதன் முனையில் ஜிஎஸ்டி ஒட்டிய நிலையில் குப்பியில் வால் உடலைவிடப் பெரிது.

இத்தனை குறைகளோடும், தனித்த துணையலகு சாதித்தவை சில உண்டு. அவற்றை மனமாரப் பாராட்ட வேண்டும்.

முதலாவது, வடிவம். முழுப் பம்பின் படம் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஈஸ்டின் எச் துணையலகின் படிக அமைப்பு 2001இலும் சியின் அமைப்பு 2004இலும் வெளிவந்தன. இரண்டுமே ஈ. கோலையில் தயாரித்தவை. பின்னாளில் குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முழுப் பம்பின் மங்கலான உருவம் கிடைத்தபோது, இந்தப் படிக அமைப்புகளை அதன் மேல் பொருத்தித்தான் எது எங்கே நிற்கிறது என்று கண்டுகொண்டார்கள். இரண்டாவதாக, தொடர்புகளைக் கண்டறிவதிலும் தனித்த உறுப்பு உதவியிருக்கிறது. எச்ஐவி வைரஸின் நெஃப் புரதம் மனித எச் துணையலகைப் பற்றிக்கொள்கிறது என்பது 1998இல் வந்த கண்டுபிடிப்பு. சிடி4 ஏற்பியை உயிரணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளிழுக்க வைரஸ் இந்தப் பிடியைப் பயன்படுத்துகிறது.

இன்னும் சுவையானது பி துணையலகின் கதை. ஃபுளோரிடாவில் ஹாலிடேயின் குழு பி1, பி2 இரண்டின் முன்முனைத் துண்டுகளையும் பாக்டீரியாவில் தயாரித்து ஆக்டின் இழைகளோடு கலந்தது. துண்டுகள் இழைகளில் ஒட்டின. ஆஸ்டியோகிளாஸ்ட் எலும்பின் மேல் அமர்ந்து கரைக்கத் தொடங்கும்போது பம்ப் ஆக்டின் சட்டகத்தைப் பிடித்துத்தான் உரிய இடத்துக்கு நகர்கிறது என்ற கருத்துக்கு 2000இல் வெளியான இந்த முடிவு வலுச் சேர்த்தது. பின்பு அதே இடத்தை அடைக்கக்கூடிய சிறு மூலக்கூறுகளைக் கணினியில் தேடினார்கள். அகப்பட்டது எனாக்சசின் என்ற பழைய ஆன்டிபயாடிக். 2009இல் அது ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாவதையும் எலும்பு கரைவதையும் குறைப்பதாகக் காட்டினார்கள். இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எனாக்சசின் மைக்ரோ ஆர்என்ஏ தயாரிப்பையும் தூண்டும் என்று 2008இலேயே வேறொரு குழு காட்டியிருந்தது. ஆகவே உயிரணுவில் அது செய்வதையெல்லாம் பி-ஆக்டின் பிடியின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. துண்டை வைத்துத் தொடங்கிய தேடல் நல்ல பொருளைத் தந்தது. அந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதைத் துண்டு மட்டுமே உறுதிசெய்யவில்லை.

இப்படி வேறோர் உயிரணுவில் தயாரித்த மறுசேர்க்கைப் புரதம் பம்புக்குச் செய்த மிகப் பெரிய உதவி என்று நான் கருதுவது, அந்தப் புரதம் பம்பின் உறுப்பே இல்லாத ஓர் இடத்தில் நடந்தது. நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா, தன்னை விழுங்கிய உயிரணுவின் பம்பை அடக்க சிட்கே என்ற புரதத்தைச் செலுத்துகிறது. அது நேராகப் போய் ஏ துணையலகைப் பிடித்துக்கொள்ளும். டொராண்டோ சிறார் மருத்துவமனையில் ரூபின்ஸ்டைனின் குழு இந்தச் சிட்கேயை ஈ. கோலையில் தயாரித்து, அதன் முனையில் ஒரு வாலைப் பூட்டி, எலி மூளைச் சாற்றில் கலந்தது. வாலைப் பிடித்து இழுத்தபோது முழுப் பம்ப் அப்படியே கூட வந்தது. மரபணுவில் கைவைக்காமல், இயற்கையான திசுவிலிருந்து, எல்லாத் துணையலகுகளோடும் வெளியே எடுத்த அந்தப் பம்பின் அமைப்பு 2020இல் வெளியானது. மனித அணு வளர்ப்பிலிருந்து எடுத்த முழுப் பம்பின் அமைப்பும் அதே ஆண்டில் வந்தது. பிறகு 2024இல் நரம்புப் பையின் சவ்வைவிட்டு எடுக்காமலே, அது இருந்த இடத்திலேயே பம்பைப் படம்பிடித்தார்கள்.

எதிர்ப்பக்கத்தைச் சொல்ல ஏபி2வைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2002இல் பாரிஸில் ஜெனவியேவ் நுயெனின் குழு, சிறுநீரகத்தில் ரெனினையும் அதன் முன்வடிவமான புரோரெனினையும் பிடிக்கும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தது. 350 அமினோ அமிலங்கள் கொண்டது. புரோரெனின் ஏற்பி என்று பெயர் வைத்தார்கள். ரத்த அழுத்தம், நீரிழிவுச் சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றின் திறவுகோல் கிடைத்துவிட்டது என்று துறையே பரபரப்படைந்தது. புரோரெனினின் ஒரு பகுதியைப் போலிசெய்யும் பெப்டைடு ஒன்றைச் செய்து ஏற்பியை அடைக்க முயன்றார்கள். சில ஆய்வகங்களில் பலன் கிடைத்தது, சிலவற்றில் கிடைக்கவில்லை.

இந்தப் புரதத்தின் ஒரு துண்டு நான்கு ஆண்டுகள் முன்பே, 1998இல், மாட்டின் அட்ரினல் சுரப்பியில் வி-ஏடிபியேஸோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதாவது, ஏற்பி என்று பெயர் வைத்தது பம்பின் துணைப் புரதத்துக்குத்தான். மறுசேர்க்கைப் புரோரெனினைக் கொண்டு பிணைப்பை அளந்தபோது வந்த எண்கள் நானோமோலார் அளவில் இருந்தன. ரத்தத்தில் புரோரெனின் ஓடுவதோ பிகோமோலார் அளவில், ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைவாக. பிணைப்பு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உடலில் அது நிகழும் அளவுக்குச் சரக்கு இருக்கிறதா என்ற கேள்வியைக் குப்பி தானாகக் கேட்பதில்லை, ஆய்வாளர்தான் கேட்க வேண்டும். 2010இல் ஜப்பானியக் குழு ஒன்று எலியின் இதயத் தசையணுக்களில் மட்டும் இந்த மரபணுவை நீக்கியது. எலிக்குட்டிகள் சில வாரங்களிலேயே இதயம் செயலிழந்து இறந்தன. அவற்றின் அணுக்களில் வி0 துணையலகுகள் குறைந்து, அமிலமாக்கல் குலைந்திருந்தது. ரத்த அழுத்தத்தின் ஏற்பியை எடுத்தால் நடக்கக்கூடியது இதுவல்ல, பம்பின் ஒரு கட்டுமானப் பகுதியை எடுத்தால் நடப்பது இது. 2020இன் முழு அமைப்பு இதற்கு ஒரு முகவரியும் கொடுத்தது: ஏபி2வின் வால் வி0 வளையத்தின் நடுவே நுழைந்து நிற்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் எத்தனை பம்பின் விளைவை ஏற்பியின் விளைவாக எண்ணி எழுதப்பட்டவை என்பதை யாராவது பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த வேலை செய்யப்படாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

நோய்க்கான மரபுத் திரிபுகளைச் சோதிக்கும் இடத்திலும் தனித்த உறுப்பு தடுமாறுகிறது. 1999இல் ஃபியோனா கேரட்டும் ரிச்சர்டு லிஃப்டனும் சேர்ந்த குழு, பி1 மரபணுவில் திரிபு உள்ள குழந்தைகளுக்குச் சிறுநீரில் அமிலத்தை வெளியேற்ற முடியாத நோயும் காது கேளாமையும் சேர்ந்து வருவதைக் காட்டியது. சிறுநீரகக் குழாயின் அமிலம் சுரக்கும் அணுக்களிலும் உள்காதிலும் பி1தான் வேலை செய்கிறது. மற்ற இடங்களில் பி2 இருப்பதால் குழந்தை பிழைக்கிறது. அடுத்த ஆண்டே, நான்கு வடிவங்களில் உள்ள சவ்வு ஏவின் நான்காம் வடிவத்தில் இதே சிறுநீரக நோயும், மூன்றாம் வடிவத்தில் எலும்பு கரையாமல் கல்லாய் இறுகிப்போகும் ஆஸ்டியோபெட்ரோசிஸும் கண்டறியப்பட்டன. குழந்தைகளைத் தாக்கும் கடுமையான ஆஸ்டியோபெட்ரோசிஸில் ஏறக்குறைய பாதி இந்த மூன்றாம் வடிவத்தின் கோளாறு. 2008இல் இரண்டாம் வடிவம், தோல் தொய்ந்து தொங்கும் நோய்க்குக் காரணமாகத் தெரியவந்தது.

ஒரு குழந்தையின் பி1இல் ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நோய்க்குக் காரணமா, தீங்கற்ற வேறுபாடா? மாறிய பி1ஐ ஈ. கோலையில் தயாரித்தால் அது மடிகிறதா, திரள்கிறதா என்று தெரியும். திரண்டால் சந்தேகம் வலுக்கும். திரளாமல் நல்ல பட்டையாக வந்தால் எதுவும் தீராது, ஏனெனில் பல திரிபுகள் பி1ஐ மடியவிட்டு, ஏவோடு சேர மட்டும் விடாமல் தடுக்கின்றன. இங்கே ஈஸ்ட் நல்ல நடுவர். பம்ப் இல்லாத ஈஸ்ட் பிஎச் 5.5 ஊடகத்தில் வளரும், 7.5இல் வளராது, கால்சியம் மிகுந்த ஊடகத்திலும் வளராது. இந்தக் குணத்தை 1990இல் நெல்சன் தம்பதியர் தெளிவாக்கினர். ஈஸ்டின் சொந்தப் பி மரபணுவை நீக்கிவிட்டு, மனிதத் திரிபுக்கு நிகரான மாற்றம் செய்த பியைக் கொடுத்து, இரண்டு தட்டுகளில் பக்கத்துக்குப் பக்கம் சொட்டுகளாக வைக்கிறார்கள். 5.5 தட்டில் எல்லாச் சொட்டும் வெண்மையாகத் தடித்து வளரும். 7.5 தட்டில் பம்ப் ஓடும் சொட்டு மட்டும் வளரும். மற்றவை சுவடில்லாமல் போகும். இரண்டு மூன்று நாளில் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். அதற்கும் மேலே போக விரும்புபவர் பம்புள்ள சவ்வுப் பைகளை எடுத்து, ஏசிஎம்ஏ சாயம் கலந்து, ஏடிபி ஊற்றிப் பார்ப்பார். உள்ளே அமிலம் ஏற ஏற ஒளிர்வு மங்கும். பஃபிலோமைசின் சேர்த்தால் மங்குவது நிற்கும். பம்ப் ஓடுகிறது என்று சொல்ல இதற்குக் குறைந்த சான்றை நான் ஏற்கமாட்டேன்.

துண்டுகளைச் சேர்த்தே எந்திரம் கட்ட முடியாதா என்று கேட்கலாம். ஓரளவு முடிந்திருக்கிறது. என்டரோகாக்கஸ் ஹிரே என்ற பாக்டீரியாவின் ஏ, பி, டி, எஃப் நான்கையும் தயாரித்துச் சோதனைக்குழாயில் கூட்டியபோது ஏடிபி உடைக்கும் வி1 உருவானது. அதன் படிக அமைப்பை 2013இல் முராதாவும் சகாக்களும் வெளியிட்டனர். பாக்டீரியாவின் பம்ப் எளிமையானது. மனிதப் பம்ப் இவ்வளவு இணங்கிப்போவதில்லை. அதைக் கூட்டுவதற்கும் பிரிப்பதற்கும் உயிரணுவே உதவிப் புரதங்களை வைத்திருக்கிறது. புகையிலைக் கொம்புப்புழு தோலுரிக்கும்போது அதன் குடலில் வி1 வி0விலிருந்து கழன்றுவிடுகிறது. சர்க்கரை தீர்ந்த ஈஸ்டிலும் அவ்வாறே. இரண்டும் 1995இல் தெரியவந்தவை. கழன்ற வி1 ஏடிபியை வீணாக உடைத்துக்கொண்டிருக்காதபடி தடுப்பது எச். அதே எச் முழுப் பம்பில் இருக்கும்போது ஓட்டத்துக்குத் தேவை. சேர்ந்த நிலையில் ஒரு வேலை, பிரிந்த நிலையில் எதிர் வேலை செய்யும் உறுப்பைக் குப்பியில் தனியே வைத்து "இதன் பணி என்ன" என்று கேட்டால், எந்த நிலையில் என்று சொல்லாத கேள்விக்குப் பதிலே கிடையாது.

குப்பி வாங்குபவர்களுக்கு நடைமுறைச் சொல் சில. ஆன்டிபாடி தயாரிக்கவோ சரிபார்க்கவோதான் இவை மிக அதிகமாக விற்பனையாகின்றன. அந்த வேலைக்கு இவை பொருத்தமானவை. ஆனால் பி1உம் பி2உம் நடுப்பகுதி முழுக்க ஏறத்தாழ ஒன்றே, வேறுபாடு இரு முனைகளில்தான். முழு நீளப் பி1ஐக் கொண்டு முயலில் எழுப்பிய ஆன்டிபாடி பி2வையும் பிடிக்கும். சிறுநீரகத் திசுவில் பி1ஐ மட்டும் காட்ட வேண்டுமென்றால் முனைத் துண்டுக்கு எதிரான ஆன்டிபாடியும், பி2 குப்பி ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்வதும் கட்டாயம். இன்னொன்று எண்டோடாக்சின். ஈ. கோலையின் சுவரிலிருந்து வரும் இந்த நஞ்சு மேக்ரோஃபேஜ்களையும் ஆஸ்டியோகிளாஸ்ட் முன்னோடிகளையும் மிகச் சிறு அளவிலேயே தூண்டும். பம்பின் உறுப்பை அந்த அணுக்களின் மேல் ஊற்றி விளைவு கண்டதாகச் சொல்பவர் எண்டோடாக்சின் அளவைச் சொல்லாவிட்டால், கண்டது எதன் விளைவு என்று எவரும் அறிய முடியாது. அதே புரதத்தைக் கொதிக்கவைத்து ஊற்றியும் விளைவு மாறாமல் வந்தால், அநேகமாக நஞ்சுதான் பேசியிருக்கிறது. புரதம் வெப்பத்தில் குலையும், எண்டோடாக்சின் எளிதில் குலையாது. வந்த குப்பியை முதல் நாளே சிறு பங்குகளாகப் பிரித்து -80இல் வைத்துவிட வேண்டும். உறைவித்து உருக்கி மறுபடி உறைவித்த புரதத்தின் எண்ணை நம்பிக் கட்டுரை எழுதக்கூடாது.

இப்போதைய தேவை எங்கே இருக்கிறது? பஃபிலோமைசின் உடலின் எல்லாப் பம்புகளையும் நிறுத்தும். அதனால் மருந்தாக்க முடியாத நஞ்சு. எலும்புத் தேய்மானத்துக்கு வேண்டியது ஆஸ்டியோகிளாஸ்டில் முதன்மையாகச் செயல்படும் சவ்வு ஏ மூன்றாம் வடிவத்தை மட்டும் தடுக்கும் பொருள். இந்த வகைத் தேடலில்தான் தனித்த துணையலகுக்கு நிகரில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மனோல்சனின் குழு, அந்த மூன்றாம் வடிவத்தின் சைட்டோசால் பாதியும் பி2வும் ஒன்றையொன்று பிடிப்பதைச் சோதனைத் தட்டின் குழிகளில் நிகழ்த்தி, அந்தப் பிடியைத் தளர்த்தும் சிறு மூலக்கூறுகளைத் தேடியது. அகப்பட்ட ஒன்று ஆஸ்டியோகிளாஸ்ட்கள் எலும்பைக் கரைப்பதைக் குறைத்தது என்று 2010இல் எழுதினார்கள். இரண்டு துண்டுகளின் தொடுகையைத் துண்டுகளை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். கேள்வி குப்பியின் எல்லைக்குள் இருந்தது. அந்த மூலக்கூறு முழுப் பம்பிலும் அதே தொடுகையில்தான் அமர்கிறதா, முதல், இரண்டாம், நான்காம் வடிவங்களை விட்டுவிடுகிறதா என்பதைப் பார்க்க அன்று கருவி இல்லை. இன்று சிட்கே வாலைப் பிடித்து முழுப் பம்பை எடுத்து, மூலக்கூறோடு சேர்த்துப் படம்பிடிக்கலாம். எலும்புத் தேய்மான ஆய்வில் இறங்கும் இளைஞர்கள் முதலில் எடுக்க வேண்டிய சோதனை இதுதான் என்பேன்.